இரண்டு விரல் இடைவெளி

மெரினாவுக்குப் பக்கத்தில் முப்பது வருஷம் குடியிருந்தவள் நான். ஆனாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அங்கே எனக்குப் பழக்கமானது கடலை, கடல் அல்ல! பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு மணலில் உட்காருவேன். என் பெண் அலையை நோக்கி ஓடினால், "போதும், போதும், திரும்பி வா!" என்று அங்கிருந்தே கத்துவேன். பாதம் நனையலாம், கணுக்கால் நனையக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

அந்தப் பெண்தான் இப்போது வேல்ஸ் நாட்டின் வடமேற்கு மூலையில், ஹோலிஹெட் என்ற துறைமுக ஊரில் குடித்தனம் செய்கிறாள். வாரத்துக்கு ஐந்து நாள் உத்தியோகம். மிச்சம் இரண்டு நாள் சமுத்திரத்தில்! கப்பலிலா என்று கேட்கிறீர்களா? கப்பலாக இருந்தால் நான் ஏன் கவலைப்படப் போகிறேன்? கயாக் என்று ஒரு படகு. அதில் ஒருவர்தான் உட்காரலாம். உட்கார்ந்தால் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண் உயரத்தில் இருப்போம். அவ்வளவுதான் அதன் வைபவம்.

"ஒரு கோடைக்கு வந்து பாரேன், அம்மா. பார்த்தால் உனக்கே பிடித்துப்போகும்" என்று நான்கு வருஷமாக அழைத்துக்கொண்டிருந்தாள். பிடிப்பதற்காக நான் போகவில்லை. அந்தப் படகுப் பைத்தியத்தைத் தெளியவைத்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன். தெளியவைத்தேனா என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

பெயரா, ரயில் வண்டியா?

லண்டன் யூஸ்டன் ஸ்டேஷனில் ஏறினால் ஹோலிஹெட் போய்ச் சேர ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகிறது. செஸ்டர் நகரைத் தாண்டியதும் வலது பக்கம் கடல் வந்து சேர்ந்துகொள்கிறது. இடது பக்கம் மலைகள். கான்வி என்ற ஊரில், 13-ம் நூற்றாண்டில் முதலாம் எட்வர்டு மன்னன் கட்டிய கோட்டையின் மதிலை உரசிக்கொண்டு ரயில் போகிறது. கையை நீட்டினால் கொத்தளத்தைத் தொட்டுவிடலாம் போல் இருக்கிறது.

பிறகு மெனாய் ஜலசந்தி. அதைத் தாண்டினால் ஆங்கிள்சி தீவு. ரயில் பாலத்தில் போகும்போதே சற்றுத் தொலைவில் இன்னொரு பாலம் தெரிகிறது. 1826-ல் தாமஸ் டெல்ஃபோர்டு என்ற இஞ்சினீயர் இரும்புச் சங்கிலிகளில் தொங்கவிட்ட பாலம் அது. கீழே சுழித்து ஓடும் தண்ணீரைப் பார்த்தேன். அது ஆறு அல்ல, கடல்! வேலை ஏற்றத்திலும் இறக்கத்திலும் அது இப்படித்தான் ஆற்று வெள்ளம் போல ஓடுமாம். "இதிலும் படகு விடுவாயா?" என்று, என்னை அழைத்துப் போக லண்டனுக்கே வந்திருந்த மகளிடம் கேட்டேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பாலத்தைத் தாண்டியதும் ஒரு சின்ன ஸ்டேஷன். பிளாட்பாரம் நெடுக ஒரே ஒரு பெயர்ப் பலகை. அதில் 58 எழுத்துக்கள்! அவ்வளவும் ஓர் ஊரின் பெயர். 'லான்வைர்ப்வுல்க்வின்கில்' என்று ஆரம்பித்து, எங்கெங்கோ சுற்றி, 'கோகோகோக்' என்று முடிகிறது. பிரயாணிகளைக் கவர்வதற்காக 19-ம் நூற்றாண்டில் நீட்டிய பெயராம். எங்கள் வண்டி அங்கே நிற்கவில்லை. நான் முதல் பத்து எழுத்தைக் கூட்டிப் படிப்பதற்குள் கோகோகோக் போய்விட்டது.

ஹோலிஹெட் ரயில் பாதையின் கடைசி ஊர். அதற்கு அப்பால் கப்பல்தான். அயர்லாந்தின் டப்ளின் நகருக்குப் போகிறது. ஸ்டேஷனில் மாப்பிள்ளை காத்திருந்தார். "வாருங்கள், அத்தை! ரசம் வைத்திருக்கிறேன்" என்றார். இப்படிப்பட்ட மாப்பிள்ளை இருக்கும் ஊரில் கடல் மட்டும் இல்லாமல் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஷெட்டுக்குள் வாழைப்பூ மடல்

மறுநாள் காலை, வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட்டைத் திறந்து காட்டினாள். வாழைப்பூவின் மடல் ஒன்றைப் 17 அடி நீளத்துக்கு இழுத்து, மேலே மூடி போட்டுத் தைத்தால் எப்படி இருக்கும்? அதுதான் கயாக். அகலம் 22 அங்குலம். நடுவில் உட்காருவதற்கு ஒரு குழி. அதில் இடுப்பு வரை நுழைந்துகொண்டு, குழியின் விளிம்பைச் சுற்றி ஒரு ரப்பர்ப் பாவாடையை மாட்டிக்கொண்டால் தண்ணீர் உள்ளே வராது. முன்னும் பின்னும் தடுப்புச் சுவர் வைத்து அடைத்த இரண்டு அறைகள். அவற்றில் காற்று இருப்பதால் படகு கவிழ்ந்தாலும் முழுகாது.

"கவிழ்ந்தாலுமா? கவிழுமா?" என்றேன்.

"எல்லாக் கயாக்கும் என்றைக்காவது கவிழும், அம்மா. கவிழ்ந்த பிறகு என்ன செய்கிறோம் என்பதுதான் வித்தை."

படகின் மேல்தளத்தில் குறுக்கும் நெடுக்கும் கயிறுகள் ஓடின. சில எலாஸ்டிக், இழுத்தால் நீண்டன. சில சாதாரணக் கயிறுகள், வெளுத்துப் போய், மேலெல்லாம் பிசிறு எழும்பியிருந்தன. விரலால் நிமிண்டிப் பார்த்தேன். வெள்ளைப் பொடி ஒட்டிக்கொண்டது. எனக்குக் கடல் தெரியாது; ஆனால் கொடிக்கயிறு தெரியும். மொட்டை மாடி வெயிலில் வருஷக் கணக்கில் கிடந்த நைலான் கொடி இப்படித்தான் உரியும். ஒரு நாள் ஈரப் புடைவையோடு அறுந்து விழும்.

"என்னடி இது, இற்றுப் போயிருக்கிறதே? இது எதற்கு?"

"அது சும்மா, பிடித்துக்கொள்வதற்கு" என்று சொல்லிவிட்டுச் சட்டென்று ஷெட்டை மூடினாள். பெற்றவளுக்குத் தெரியாதா? பத்து வயதில் பரீட்சைத் தாளை ஒளித்து வைத்தபோதும் இதே முகம்தான்.

'பானட்' கொடுத்தவர்

அன்று மாலை அவளுக்குப் படகு கற்றுக்கொடுத்த பெரியவர் வந்தார். எழுபதைத் தாண்டியவர். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கையைக் குலுக்கினால் தேங்காய் நாரைப் பிடித்த மாதிரி இருக்கிறது. வேல்ஸ் பாஷையில் அம்மாவுக்கு 'மாம்' என்று பெயராம். என்னையும் அப்படியே அழைத்தார். அந்தப் பக்கத்தில் ஒரு கோப்பைத் தேநீருக்குப் 'பானட்' என்று பெயர். பானத்துக்கும் பானடுக்கும் என்ன சம்பந்தமோ, எனக்கு அந்த வார்த்தை கேட்டதும் பிடித்துவிட்டது. மறுநாள் தம் வீட்டுக்குப் பானட் சாப்பிட வரும்படி அழைத்தார். போனோம்.

பேச்சு வாக்கில் அவர் சொன்னார்: "மார்ச் மாதத்துக்குப் பிறகு உங்கள் பெண் இன்னும் கவனமாக இருக்கிறாள், மாம்."

"மார்ச் மாதம் என்ன நடந்தது?"

பெரியவர் என் பெண்ணைப் பார்த்தார். என் பெண் தேநீர்க் கோப்பையைப் பார்த்தாள். மெள்ள மெள்ள விஷயம் வெளியே வந்தது.

யாரிடமோ வாங்கிய பழைய படகு அது. சென்ற மார்ச்சில் சிநேகிதர்கள் இருவரோடு கடலுக்குப் போயிருக்கிறாள். பாறை முனை ஒன்றைத் திரும்பும்போது அலை அடித்துக் கவிழ்ந்துவிட்டாள். பாவாடையைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்து, படகின் மேல் ஓடிய கயிற்றைப் பற்றியிருக்கிறாள். முன்பு வைத்திருந்தவர் அந்த இடத்தில் கயிறு அறுந்து போனதற்காக எலாஸ்டிக்கைக் கட்டியிருந்தார். அது கையோடு நீண்டது. அடுத்த அலை படகைத் தூக்கியது. விரல் வழுக்கிவிட்டது. காலிப் படகு சருகு போன்றது; காற்று அதைத் தள்ளிக்கொண்டு போகிற வேகத்துக்கு யாராலும் நீந்த முடியாது. கூட இருந்தவர்களில் ஒருவர் துரத்திப் போய்ப் படகைப் பிடித்தார். இன்னொருவர் இவளைத் தம் படகின் முனையில் தொங்கவைத்து இழுத்து வந்தார்.

"தனியாகப் போயிருந்தால்?" என்றேன்.

ஒருவரும் பதில் சொல்லவில்லை.

பெரியவர்தான் பிறகு நிதானமாகப் பேசினார். "மார்ச்சில் எங்கள் கடல் 8 டிகிரி அளவில் இருக்கும். மிகவும் குளிர்ந்த தண்ணீருக்கு நாங்கள் ஒரு கணக்குச் சொல்வோம். ஒன்று, பத்து, ஒன்று. விழுந்த முதல் ஒரு நிமிஷம் மூச்சுத் திணறும். அதை அடக்க வேண்டும். அடுத்த பத்து நிமிஷம்தான் கைவிரல்கள் சொன்னபடி கேட்கும். அதற்கு மேல் ஒரு மணி நேரம் வரைகூட நினைவு இருக்கலாம். ஆனால் கை நம்முடையது அல்ல. ஆகையால் செய்ய வேண்டியதை எல்லாம் அந்தப் பத்து நிமிஷத்துக்குள் செய்ய வேண்டும். அதில் முதல் வேலை, படகை விடாமல் இருப்பது. அதற்குத்தான் கயிறு."

"இனிமேல் நீ கடலுக்குப் போகக் கூடாது" என்றேன் மகளிடம், தமிழில்.

"சரி, அம்மா" என்றாள். அவள் சண்டை போட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். சரி என்று சொன்னதுதான் தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டது.

தையல்காரிகளின் கடல்

பெரியவர் வீட்டுச் சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. பனிப்பாறைகளுக்கு நடுவே தோல் படகில் ஒரு மனிதர். பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, அதைக் காட்டிக் கிரீன்லாந்துக் கதையைச் சொன்னார்.

கயாக் பிறந்தது வட துருவத்துக்குப் பக்கத்து மக்களிடம். கிரீன்லாந்தில் படகுக்கு வெட்ட மரம் கிடையாது. கடல் அடித்துக்கொண்டு வரும் கட்டைகளைப் பொறுக்கிச் சட்டம் கட்டினார்கள். அதன் மேல் சீல் என்ற கடல் விலங்கின் தோலைப் போர்த்தினார்கள். தோலைத் தைத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? வீட்டுப் பெண்கள்! தண்ணீர் ஒரு சொட்டுப் புகாதபடி விலங்கின் நரம்பு நூலால் தைத்தார்கள். புருஷன் ஈட்டி எறிவதில் சூரனாக இருக்கலாம். ஆனால் அவன் உயிர் மனைவியின் ஊசி முனையில் இருந்தது.

அந்தப் படகின் மேல்தளத்திலும் குறுக்கே தோல் வார்கள் உண்டு. எலும்பிலோ தந்தத்திலோ செதுக்கிய சிறு துண்டுகளை நகர்த்தி அவற்றை இறுக்குவார்கள். ஈட்டியும் மற்ற ஆயுதங்களும் அந்த வார்களில் செருகியிருக்கும். அலையில் ஓய்வெடுக்க வேண்டுமானால் துடுப்பின் ஒரு முனையை வாருக்கடியில் செருகி, மறுமுனையைத் தண்ணீரில் நீட்டிவிடுவார்கள். படகு ஆடாமல் நிற்கும். இன்றைய டெக் கயிறுகளுக்கு அந்தத் தோல் வார்தான் பாட்டி.

1959-ல் கென் டெய்லர் என்ற கிளாஸ்கோ மாணவர் மேற்குக் கிரீன்லாந்துக்குப் போய், அங்கே தமக்கென்று ஒரு கயாக் செய்வித்து, ஸ்காட்லாந்துக்குக் கொண்டுவந்தார். இன்று பிரிட்டனில் ஓடும் கடல் கயாக்குகளில் பலவற்றுக்கு அதுவே மூதாதை.

"வித்தை தெரிந்தால் போதும், கயிறு எதற்கு என்று சில இளைஞர்கள் கேட்பார்கள்" என்றார் பெரியவர். "அவர்களுக்கு ஜினோ வாட்கின்ஸ் கதையைச் சொல்வேன். இங்கிலீஷ்காரர், துருவப் பிரதேச ஆராய்ச்சியில் புகழ் பெற்றவர். கிரீன்லாந்து வேட்டைக்காரர்களிடமே கயாக் பழகியவர். கவிழ்ந்த படகை உள்ளே இருந்தபடியே உருட்டி நிமிர்த்தத் தெரிந்தவர். 1932 ஆகஸ்டு 20-ந் தேதி தனியாக வேட்டைக்குப் போனார். கயாக் காலியாக மிதந்து கிடைத்தது. அவர் கிடைக்கவில்லை. வயது இருபத்தைந்து."

நான் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஊர்த் தாய்மார்களுக்கும் மகனைப் போகாதே என்று சொல்லத் தோன்றியிருக்கும். சொல்லியிருந்தால் வீட்டில் அடுப்பு எரிந்திராது. ஆகையால் அவர்கள் ஊசியை எடுத்தார்கள்.

தடை போடுவது ஒரு நிமிஷ வேலை. கயிறு போடுவது ஒரு நாள் வேலை. திரும்பி வரும் வழியில் மகளிடம் கேட்டேன்: "அந்தக் கயிறு எந்தக் கடையில் கிடைக்கும்?"

பூத் தொடுத்த கை

துறைமுகத்துக்குப் பக்கத்தில் கப்பல் சாமான் விற்கும் கடை ஒன்று இருக்கிறது. அங்கே 6 மில்லிமீட்டர் கனமுள்ள பாலியெஸ்டர்க் கயிறு 15 மீட்டர் வாங்கினோம். நைலான் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் நனைந்தால் நீண்டு தொய்ந்துவிடுமாம். வேண்டாம் என்று பெரியவர் சொல்லியிருந்தார். நாங்கள் வாங்கிய கயிற்றின் நடுவே ஒரு வெள்ளி இழை ஓடுகிறது. இருட்டில் விளக்கு பட்டால் அது பளிச்சென்று மின்னும்.

படகை இரண்டு முக்காலிகளின் மேல் ஏற்றிவைத்தோம். பழைய கயிற்றை வெட்டி எறிந்தோம். மேல்தளத்தில் விளிம்பை ஒட்டி அங்கங்கே குழிவாகப் பதித்த துவாரங்கள் இருக்கின்றன. உட்காரும் குழிக்கு முன்னால் ஒரு பக்கத்தில் ஆரம்பித்து, துவாரம் துவாரமாகக் கயிற்றை நுழைத்து, முனை வரை போய், மறுபக்கமாகத் திரும்பி வர வேண்டும். பின் பகுதிக்கும் அப்படியே. கவிழ்ந்தவர் படகின் எந்தப் பக்கத்தில் தலை தூக்கினாலும், கை எட்டும் இடத்தில் கயிறு இருக்க வேண்டும். முன் முனையிலிருந்து பின் முனை வரை கயிற்றைப் பிடித்தபடியே கை மாற்றி நகர முடிய வேண்டும். ஒரு கை பிடித்த பிறகே மறு கை விடலாம்.

எலாஸ்டிக்கும் வேண்டியதுதான். வரைபடத்தையும் உபரித் துடுப்பையும் அது பிடித்துக்கொள்ளும். சாமானை அது பிடிக்கலாம். மனிதர் அதைப் பிடிக்கக் கூடாது. எலாஸ்டிக் ஒரு பக்கம், கயிறு ஒரு பக்கம் என்று இரண்டையும் வேலை பிரித்துக் கட்டினோம்.

முனைகளில் கைப்பிடி. அங்கே வெறும் வளையமாகக் கயிற்றை விடக் கூடாதாம். அலையில் படகு சுழன்றால் வளையத்துக்குள் மாட்டிய விரல்களையும் சேர்த்து முறுக்கிவிடும். ஆகையால் ஒரு குழாய்த் துண்டைக் கயிற்றில் கோத்து, கையை மூடிப் பிடிக்கவும் உடனே விடவும் வசதியாக ஒரு கட்டைப் பிடி செய்தாள்.

கடைசியில் இரண்டு நுனிகளையும் சேர்த்து முடிய வேண்டும். அதற்கு இரட்டை மீனவர் முடிச்சு என்று பெயர். ஒரு நுனியை மற்றதன் மேல் இரண்டு சுற்றுச் சுற்றி உள்ளே நுழைப்பது. அந்த நுனியையும் எதிர்ப் பக்கத்திலிருந்து அப்படியே செய்வது. பிறகு இரண்டையும் இழுப்பது. இரண்டு முடிச்சும் ஓடி வந்து ஒன்றை ஒன்று கட்டிக்கொள்கின்றன. மகள் மூன்று தடவை தப்பாகப் போட்டாள். "நகரு, நான் பார்க்கிறேன்" என்று வாங்கினேன். ஐம்பது வருஷமாக மல்லிகை தொடுத்த கை. தூளி கட்டிய கை. இரண்டாம் தடவையே விழுந்தது. நுனியைச் சுடரில் காட்டி உருக்கிப் பிசிறு வராமல் அடைத்தோம்.

கட்டும்போது நான் எப்படிக் கட்டினேன் தெரியுமா? மகள் உயிர் அல்லவா? பல்லைக் கடித்துக்கொண்டு, வீணைத் தந்தி மாதிரி விண்ணென்று இழுத்துக் கட்டினேன். தட்டினால் ஓசை வந்தது. எனக்குப் பரம திருப்தி.

ஒரு வாளி ஐஸ் தண்ணீர்

மாலையில் பெரியவர் பரிசோதனைக்கு வந்தார். முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முதல் தரம்!" என்றார். பிறகு, மாப்பிள்ளையிடம் ஒரு வாளித் தண்ணீரும் குளிர்சாதனப் பெட்டியில் உள்ள ஐஸ் கட்டிகளும் கேட்டார். என்னிடம் படகுக்காரர்களின் தடித்த கையுறை ஒன்றைக் கொடுத்தார்.

"மாட்டிக்கொண்டு கையை மூன்று நிமிஷம் வாளிக்குள் வையுங்கள், மாம்."

வைத்தேன். முதல் நிமிஷம் எரிந்தது. இரண்டாம் நிமிஷம் எலும்பு வலித்தது. மூன்றாம் நிமிஷம் ஒன்றுமே தெரியவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"இப்போது கண்ணை மூடிக்கொண்டு கயிற்றைப் பிடியுங்கள்."

தடவினேன். கயிறு தட்டுப்பட்டது. ஆனால் அதன் அடியில் விரல் நுழையவில்லை! நான் இழுத்துக் கட்டிய கட்டில் அது படகின் மேலே பதிந்து கிடந்தது. நகத்தால் கிளறினேன், வழுக்கியது. என் மகளுக்காக நான் இவ்வளவு அக்கறையோடு கட்டிய கயிற்றை என்னாலேயே பிடிக்க முடியவில்லை.

பெரியவர் சிரிக்கவில்லை. "எல்லோரும் முதலில் இப்படித்தான் கட்டுவார்கள். இறுக்கம்தான் பத்திரம் என்று தோன்றும்" என்றார். "ரொம்பத் தளர்த்தினாலும் ஆபத்து. தொங்கும் வளையத்துக்குள் காலோ கையோ மாட்டிக்கொள்ளும். கையுறை போட்ட விரல் இரண்டு, தாராளமாக உள்ளே போக வேண்டும். அதற்கு மேல் இடம் வேண்டாம்."

முடிச்சை அவிழ்த்தேன். இரட்டை மீனவர் முடிச்சை அவிழ்த்துப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்; அரை மணி நேரம் ஆயிற்று. மறுபடியும் கட்டினேன், மகளின் இரண்டு விரலை நடுவில் வைத்து அளவெடுத்து. குழந்தையாக இருந்தபோது அவள் அரைஞாண் கயிற்றுக்கும் இப்படித்தான் என் விரலை விட்டு அளவு பார்த்திருக்கிறேன். அது என்னவோ அப்போதுதான் ஞாபகம் வந்தது.

போர்த் டவார்க் கரையில்

ஊருக்குத் தெற்கே போர்த் டவார்க் என்று ஒரு சின்ன வளைகுடா. இரு பக்கமும் பாறைகள், நடுவில் மணல். அங்கிருந்து கடற்கரையோடு வடக்கே போனால் சௌத் ஸ்டாக் கலங்கரை விளக்கம் வரும். 1809-ல் கட்டியது. அதற்கு இறங்க ஏறக்குறைய 400 படிகள். முதல் நாள் நானும் மாப்பிள்ளையும் பாதிப் படி இறங்கிப் பார்த்தோம். செங்குத்தான பாறையில் ஆயிரக் கணக்கில் கடற்பறவைகள் வரிசையாக உட்கார்ந்து சந்தை இரைச்சல் போட்டுக்கொண்டிருந்தன. கீழே, காற்றே இல்லாதபோதும் கடல் ஓரிடத்தில் கொதிப்பது போல் வெள்ளையாக நுரைத்தது. வேலை நீரோட்டம் முனையில் மோதித் திரும்பும் இடமாம். துடுப்புப் போடுகிறவர் வேகத்தைவிட நீரோட்டத்தின் வேகம் அங்கே அதிகம். அங்கே போவதற்கு முன்னால் பழக வேண்டிய பள்ளிக்கூடம்தான் இந்த வளைகுடா.

ஜூலை மாதம். தண்ணீர் 15 டிகிரி. மகள் மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டாள். இடுப்பில் பாவாடை, தோளில் ரேடியோ. பெரியவர் தம் படகில் சற்றுத் தள்ளி நின்றார். நான் கரையில் நின்றேன். பாதம் நனையாத இடத்தில்.

நூறு கெஜ தூரம் போனாள். என்னைப் பார்த்துக் கையசைத்தாள். பிறகு வேண்டுமென்றே ஒரு பக்கம் சாய்ந்தாள். படகு புரண்டது. கறுத்த அடிப்பாகம் மட்டும் தெரிந்தது.

ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். ஐந்தில் தலை தெரிந்தது. அதோடு கூட ஒரு கையும் தெரிந்தது. அந்தக் கை கயிற்றில் இருந்தது!

மற்றதெல்லாம் நிதானமாக நடந்தது. கயிற்றை விடாமலே படகைப் புரட்டி நிமிர்த்தினாள். ஒரு காலைக் குழிக்குள் கொடுத்துப் படகைத் தன்னோடு வைத்துக்கொண்டாள். எலாஸ்டிக்கில் செருகியிருந்த பையை எடுத்துத் துடுப்பின் ஒரு முனையில் மாட்டி, வாயால் ஊதினாள். தலையணை மாதிரி உப்பியது. துடுப்பின் மறுமுனையைக் குழிக்குப் பின்னால் குறுக்கே ஓடிய கயிறுகளுக்கடியில் செருகினாள். இப்போது துடுப்பு படகுக்குக் குறுக்கே நீட்டிக்கொண்டு நின்றது. இலங்கைக் கரையில் மீனவர்களின் தோணிக்குப் பக்கத்தில் ஒரு கட்டை மிதந்துகொண்டே துணை வருமே, அதே தத்துவம்.

துடுப்பின் மேல் காலை ஊன்றிப் பின்தளத்தில் குப்புறப் படுத்தாள். அந்தச் சமயம் ஓர் அலை வந்தது. துடுப்பு கயிற்றுக்கடியிலிருந்து நழுவியது. மறுபடியும் தண்ணீருக்குள் போய்விட்டாள். பெரியவர் நகரவில்லை. நான் ஓடினேன். எங்கே ஓடினேன் என்று எனக்கே தெரியாது.

கை கயிற்றிலேயே இருந்தது. இரண்டாம் தடவை துடுப்பை இன்னும் ஆழமாகச் செருகினாள். காலை ஊன்றினாள், படுத்தாள். மிதவைப் பக்கமே பாரத்தைச் சாய்த்துக்கொண்டு, கால்களைக் குழிக்குள் நுழைத்து, மெள்ளத் திரும்பி உட்கார்ந்தாள். கைப் பம்பால் தண்ணீரை இறைக்கத் தொடங்கினாள். விழுந்ததிலிருந்து உட்கார்ந்தது வரை மாப்பிள்ளை கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னார்: "நான்கு நிமிஷம், அத்தை."

பத்து நிமிஷக் கணக்கில் ஆறு நிமிஷம் மிச்சம்!

"அத்தை, உங்கள் புடைவை" என்றார் மாப்பிள்ளை பிறகு. குனிந்து பார்த்தேன். முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன்.

போகும் முன்

ஊருக்குக் கிளம்பும் முன் பெரியவர் வீட்டில் கடைசிப் பானட் சாப்பிட்டோம். கயிறு சாசுவதம் அல்ல என்று எச்சரித்தார். வெயிலும் உப்பும் அதைத் தின்றுகொண்டே இருக்கும். ஒவ்வொரு தடவை கடலில் இறங்கும் முன்னும் கையால் உருவிப் பார்க்க வேண்டும். வெளுத்தாலோ பிசிறு எழும்பினாலோ யோசிக்காமல் மாற்ற வேண்டும். தனியாகப் போவதில்லை என்றும், போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டுத்தான் போவது என்றும் மகள் தானாகவே என் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். சத்தியத்தை நம்புகிறேன். கயிற்றை அதைவிடக் கொஞ்சம் அதிகமாக நம்புகிறேன்.

படகுப் பைத்தியத்தைத் தெளியவைத்தேனா என்று கேட்பீர்கள். இல்லை. இன்னும் வாரத்துக்கு இரண்டு நாள் கடலில்தான் இருக்கிறாள். சனிக்கிழமை காலையில், அவள் கிளம்புமுன், சென்னையிலிருந்து நான் டெலிபோன் செய்வேன். முன்பெல்லாம், "போகாதே" என்று ஆரம்பித்து, "சரி, பத்திரம்" என்று முடிப்பேன்.

இப்போது ஒரே ஒரு கேள்விதான்: "விரல் நுழைகிறதா, பார்த்தாயா?"

"இரண்டு விரல், அம்மா" என்பாள்.